அப்பாவின் கான்சிலுக்கு என்ன நிறம்?

கேள்வி: அண்ணே, அப்பா விட்டுப்போன 1998 கான்சில் கார் என்னிடம் இருக்கிறது. பச்சை மெட்டாலிக். பானெட்டிலும் கூரையிலும் கிளியர் (சாயத்துக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) உரிந்து தேமல் மாதிரி கிடக்கிறது. தீபாவளிக்குள் சாயம் அடிக்க ஆசை. எனக்குக் கறுப்பு பிடிக்கும், மனைவிக்கு முத்து வெள்ளை. எதை அடிக்கலாம்?
– சுங்கை சிப்புட் வாசகர்

பதில்: நம்ம ஊர்க்காரரா, சரி. தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள்: காடி ராத்திரி எங்கே தூங்குகிறது? செம்பனை லோரி போகும் செம்மண் சாலை ஓரத்திலா, ரம்புத்தான் மரத்தடியிலா, கூரைக்கு அடியிலா?

கறுப்பு அடித்த அன்றைக்குக் கண்ணாடிதான். என் முதல் சாகா காருக்கு நானே கறுப்பு அடித்தேன். மூன்றாம் நாள் மருமகன் பாசத்தோடு பழைய பனியனால் தூசியைத் துடைத்து வைத்தான். தூசியில் மணல் இருந்திருக்கிறது. வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி கீறல். அவனைத் திட்டவும் முடியவில்லை. மத்தியானத்தில் கறுப்புக் கூரையில் கை வைக்க முடியாது என்பது தனிக் கதை.

முத்து வெள்ளை அழகுதான். ஆனால் வெள்ளை, அதன் மேல் முத்துப் பூச்சு, அதற்கு மேல் கிளியர் என்று மூன்று அடுக்கு. நாளைக்குச் சந்தையில் யாராவது கதவைக் கீறினால், அந்தக் கதவை மட்டும் அடித்து நிறம் சேர்ப்பது பெரும்பாடு. வெள்ளைதான் வேண்டுமென்றால் சாதா வெள்ளை போதும். செம்மண் தெறித்தால் தெரியும், கழுவினால் போய்விடும்.

என்னைக் கேட்டால், அதே பச்சை. கதவைத் திறந்து பாருங்கள், உள் ஓரம் பச்சை. டிக்கி விளிம்பு பச்சை, இன்ஜின் அறை பச்சை. நிறம் மாற்றினால் கதவைக் கழற்றி, ரப்பரை உருவி, அத்தனையையும் அடிக்க வேண்டும். கூலி எங்கேயோ போய்விடும். வெளியே மட்டும் அடித்தால், பட்டு வேட்டிக்குக் கீழே பழைய கால்சட்டை எட்டிப் பார்ப்பது போல இருக்கும். கெரானில், அதாவது காடியின் பதிவுப் பத்திரத்தில், நிறமும் பதிந்திருக்கிறது, மாற்றினால் ஜேபிஜே என்ற சாலைப் போக்குவரத்து இலாகாவில் சொல்லிப் பதிய வேண்டும். அதே நிறமென்றால் இந்த அலைச்சல் எதுவும் இல்லை. அப்பா ஓட்டிய காடி அப்பா காடியாகவே இருக்கும், அது உங்கள் மனசுக்கு.

இல்லை, மாற்றியே தீருவேன் என்றால், சாயக் கடையின் நிற அட்டையைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஒருவர் என் பட்டறையில் டியூப் லைட் வெளிச்சத்தில் அட்டையைப் பார்த்து மெரூன் என்றார். அடித்து வெளியே தள்ளினோம். வெயிலில் பார்த்த அவர் வீட்டுக்காரம்மா, "என்னங்க இது, கத்திரிக்காய்!" என்றார். பாதிக் கூலிக்கு மறுபடி அடித்தேன். அதிலிருந்து, பழைய பெட்ரோல் டாங்கி மூடி ஒன்றில் அடித்துக் கொடுத்து, வீட்டு வாசலில் வைத்துக் காலை, உச்சி, அந்தி என்று மூன்று வேளை பார்க்கச் சொல்கிறேன். அட்டையில் சின்னதாய்ப் பார்த்த நிறம் முழுக் காடியில் வேறு மாதிரி நிற்கும்.

அப்புறம், தீபாவளி அவசரம் வேண்டாம். அந்த மாதம் சாயங்காலமானால் மழை, பட்டறைகளில் கூட்டம். ஈரக் காற்றில் அவசரமாக அடித்தால் சாயம் பால் பூத்த மாதிரி மங்கிப் போகலாம். பண்டிகை முடியட்டும்.

கேள்வி: என் மைவி காரின் பானெட் மட்டும் வெளுத்துவிட்டது. கலர் கோட் எண் இருக்கிறது. அதைக் கொடுத்து பானெட்டை மட்டும் அடித்தால் போதுமா?

பதில்: அந்த எண் தொழிற்சாலையிலிருந்து வந்த நாள் நிறத்தைத்தான் சொல்லும். உங்கள் காடி அதற்குப் பிறகு பல வருஷம் வெயில் தின்றிருக்கிறது. பக்கத்து மட்காட்டைப் பாலிஷ் போட்டு, அதன் நிறத்துக்கு ஏற்றபடி சாயம் கலக்கச் சொல்லுங்கள். சில்வராக இருந்தால் நிறம் ஒட்டிப்போக இரண்டு மட்காட்டிலும் கொஞ்சம் இழுத்து அடிக்க வேண்டிவரும், கூலியை முன்பே பேசிவிடுங்கள்.