குடிப்பழக்கம் எப்போது குடிநோய் ஆகிறது?

"வாரக் கடைசியில் மட்டும்தான் குடிக்கிறார். இதுவும் குடிநோயா?" தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல வீடுகளில் எழும் கேள்வி இது. கிழமையை வைத்துச் சொல்ல முடியாது. ஆரம்பித்தால் நிறுத்த முடியாமல் போவது, அளவு ஏறிக்கொண்டே போவது, நிறுத்தினால் உடம்பு படுத்துவது: இவைதான் அடையாளம்.

மருத்துவர்கள் பெரும்பாலும் நாலு கேள்வியில் தொடங்குவார்கள். குறைக்க வேண்டும் என்று நினைத்ததுண்டா? யாராவது குறை சொன்னால் எரிச்சல் வருகிறதா? குற்ற உணர்வு உண்டா? காலையில் எழுந்ததும் ஒரு வாய் தேவைப்படுகிறதா? இரண்டுக்கு 'ஆமாம்' என்றால் விரிவாகப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 10 கேள்விப் பட்டியலில் மொத்தம் 40 மதிப்பெண்ணுக்கு 8 வந்தாலே எச்சரிக்கைதான். இதெல்லாம் சல்லடை மட்டுமே. நோயை உறுதி செய்வது மருத்துவர்.

என் கணக்கில் அந்தக் காலைக் கேள்விதான் கனமானது. மது மூளையை மந்தமாக்கும்; அதை ஈடுகட்ட மூளை தன்னைத்தானே முடுக்கிக்கொள்ளும். ஒகேனக்கல்லில் நீரோட்டத்தை எதிர்த்து மூச்சுப் பிடித்துத் துடுப்புப் போடும் பரிசல்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் சட்டென நின்றால் பரிசல் எகிறிப் பாயும். குடி நின்றதும் வரும் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை அதுதான்; அதை அடக்கத்தான் காலையிலேயே ஒரு வாய் தேவைப்படுகிறது. சிலருக்கு வலிப்பே வரும். அதனால் பல வருடமாகத் தினமும் குடித்தவர் வீம்புக்கு ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகலாம், அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைக்கலாம்.

அப்புறம், "எவ்வளவு குடிச்சாலும் ஸ்டெடியா நிப்பாரு" என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அது உடம்பின் பலமல்ல, மூளை மதுவுக்குப் பழகிவிட்டதன் அறிகுறி.