அரிச்சல்முனை வெயிலும் ஐஎஸ்ஓ 50-உம்

அன்புள்ள அண்ணே,

மாமாவின் பழைய கேமராவில் ஐஎஸ்ஓ 50 கறுப்பு வெள்ளை ரோல் போட்டு, தனுஷ்கோடியில் கரைவலை இழுப்பவர்களை எடுத்தேன். உச்சி வெயில். மணல் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது, முகமெல்லாம் கரி. "இந்த ஊருக்கு ஸ்லோ பிலிம் ஆகாது, 400 போடுங்க" என்கிறார் கடைக்காரர். சரிதானா?

— ஒரு வாசகர், கீழக்கரை

அன்புள்ள தம்பி,

அவர் சொன்னதில் பாதி சரி.

ஸ்லோ பிலிமில், அதாவது வெளிச்சத்தை மெதுவாக வாங்கும் 50 போன்ற சின்ன எண் பிலிமில், வெள்ளி உப்பின் படிகங்கள் மிகச் சிறியவை, ஏறக்குறைய ஒரே அளவு. வெளிச்சம் பட்டால் எல்லாம் ஒன்றாக விழித்துக்கொள்ளும். அதனால் கான்ட்ராஸ்ட், அதாவது வெளுப்புக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம், ஏறும். 400-இல் பெரிசும் சிறிசும் கலந்திருக்கும், கொஞ்சம் தப்பையும் பொறுத்துக்கொள்ளும். அந்த மட்டில் அவர் பேச்சு சரி.

ஆனால் நம் வெயிலில் 400-க்கு, லென்ஸ் துவாரத்தை எஃப்16 என்று சுருக்கினாலே 1/500 நொடி வேகம் வேண்டும். பழைய கேமராக்கள் பலவற்றில் வேகம் அதோடு முடிந்துவிடும். துவாரத்தைத் திறந்து பின்னால் நிற்கும் வல்லத்தை மங்கலாக்கலாமென்றால் வழியே இல்லை. 50-இல் எஃப்8, 1/250. இரண்டு பக்கமும் நகர இடமிருக்கிறது.

உச்சியில்தான் எடுப்பேன் என்றால் மீட்டரில் பிலிமை 25 என்று வைத்து முகத்தின் நிழலுக்கு அளவெடுங்கள், டெவலப் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறையுங்கள். நான் போகமாட்டேன். பன்னிரண்டு மணிக்கு அங்கே நிற்க நாய்கூட யோசிக்கும்.

காலை ஆறரைக்குப் போங்கள். 1964 புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவர் பவளக்கல்லால் கட்டியது. பக்கவாட்டு வெயில் ஒவ்வொரு துளைக்குள்ளும் பாதிவரை இறங்கி நிற்கும். துளையின் ஒரு விளிம்பு வெள்ளை, மறு விளிம்பு கறுப்பு, நடுவே பத்து விதச் சாம்பல். பெரிதாகப் பிரிண்ட் போட்டால் 400-இல் கல்லின் துளை எது, பிலிமின் கிரெய்ன் (படிகங்கள் விடும் புள்ளி) எது என்று பிரிக்க முடியாது. 50-இல் கல் கல்லாகவே இருக்கும். இதற்காகத்தான் நான் ஸ்லோ பிலிமை விடாமல் வைத்திருக்கிறேன். ஸ்டாண்டை மறக்காதீர்கள், அந்தக் காற்றில் அதன் கொக்கியில் கேமராப் பையைத் தொங்கவிட்டால்தான் ஆடாது.

எடுத்த ரோலை அலமாரியில் போட்டு வைக்காதீர்கள். பான் எஃப் என்ற ஐஎஸ்ஓ 50 பிலிமை மூன்று மாதத்துக்குள் கழுவிவிடச் சொல்வது அதைச் செய்யும் இல்ஃபோர்டே. பதிந்த பிம்பம் மங்கிப்போகும்.

கழுவும்போதுதான் நம் ஊர் கையைக் கடிக்கும். பிம்பத்தை வெளியே கொண்டுவரும் டெவலப்பர் கரைசலுக்கு 20 டிகிரி வேண்டும். மாடித் தொட்டித் தண்ணீர் முப்பதைத் தாண்டி நிற்கும். சூட்டில் வேலை வேகமாக முடியும், கான்ட்ராஸ்ட் இன்னும் ஏறும். நான் படகுக்கு ஐஸ் ஏற்றும் இடத்தில் உடைந்த துண்டுகளை வாங்கி வந்து, வாளியில் போட்டு, அதில் பாட்டிலை நிறுத்திவைப்பேன். அந்த ஐஸ் தண்ணீர் மட்டும் டெவலப்பரில் கலந்துவிடக் கூடாது. வாளியில் இரண்டு நாளைக்குச் சாளை வாடை போகாது, வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.