பிளைவுட்டை லேசரில் வெட்டும்போது தீக்கறை விழாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

கேள்வி இது: மொரிஷியஸ் ரோஸ் ஹில்லில் 60 வாட் கார்பன் டை ஆக்சைடு லேசர் வைத்து, தைப்பூசக் காவடிக்கு 3 மி.மீ. பிளைவுட்டில் மயில், வேல், ஓம் வெட்டுகிறீர்கள். ஓரம் கரியாகிறது, மேலே மஞ்சளாகப் புகை படிகிறது, பின்பக்கம் கட்டம் கட்டமாகப் பழுப்புத் தழும்பு விழுகிறது. பவரைக் குறைத்துப் பார்த்தும் போகவில்லை.

பவரைக் குறைத்ததுதான் பாதிச் சிக்கல். பவர் குறைந்தால் பலகை அறுபட வேகத்தையும் குறைக்க வேண்டிவரும். கதிர் ஒரே இடத்தில் தங்கத் தங்கச் சூடு பக்கவாட்டில் பரவி ஓரம் கருகும். மரம் உருகாது, எரிந்துதான் வழிவிடும். ஆகவே லேசான பழுப்பு எப்படியும் இருக்கும். ஆனால் விரலால் தேய்த்தால் கரி ஒட்டக்கூடாது. அதுதான் அளவுகோல்.

பவரை 65 சதவீதத்தில் நிறுத்திவிட்டு வேகத்தை மட்டும் மாற்றுங்கள். வெட்டப்போகும் அதே பலகையின் மூலையில் 20 மி.மீ. சதுரங்களை நொடிக்கு 10, 13, 16, 19, 22 மி.மீ. வேகத்தில் வெட்டுங்கள். தட்டாமலே கீழே விழும் சதுரங்களில் எது மிக வேகமாக வெட்டியதோ, அதற்கு ஒரு படி குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு படி, உள்ளே பசை தடித்த இடங்களுக்காக. கதிர் குவியும் புள்ளியான ஃபோகஸை மேற்பரப்பில் வைக்காமல் 1 மி.மீ. உள்ளே இறக்கினால் வெட்டு மேலும் கீழும் ஒரே அகலத்தில் வரும்.

மயில் தோகையிலும் ஓமின் சுழியிலும் மட்டும் கருப்பு கூடுகிறதா? வளைவில் லேசர் தலையின் வேகம் குறைகிறது, பவர் குறையவில்லை என்று அர்த்தம். ருய்டா என்ற கட்டுப்பாட்டுப் பலகை (கன்ட்ரோலர்) உள்ள இயந்திரங்களில், தலை மெதுவாகும்போது மினிமம் பவர், முழு வேகத்தில் மேக்ஸிமம் பவர் என்று இரண்டு எண் இருக்கும். பலர் இரண்டையும் ஒன்றாகவே போட்டுவிடுகிறார்கள். மேக்ஸிமம் 65 என்றால் மினிமத்தை 50-இல் தொடங்கி, மூலை அறுபடாமல் நிற்கும்வரை இரண்டிரண்டாகக் குறைத்து, பிறகு ஒரு படி ஏற்றுங்கள். வெட்டு தொடங்கும் இடத்தில் விழும் கரும்புள்ளிக்கு, தொடக்கத்தைக் கழிவுப் பக்கத்தில் வைக்கும் லீட்-இன் வசதியை, லேசரை இயக்கும் லைட்பர்ன் மென்பொருளில் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது காற்று. என் கணக்கில் இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். இயந்திரத்தோடு வரும் மீன்தொட்டிப் பம்பு மாதிரியான பம்பு லென்ஸைப் புகையிலிருந்து காப்பாற்றுமே தவிர, வெட்டுக்குள் இருக்கும் சுடரை அணைக்காது. கம்ப்ரசர், ரெகுலேட்டர், 2 முதல் 3 மி.மீ. துளை நாசில் (கதிரும் காற்றும் வெளிவரும் முனை) போட்டு, வெட்டும்போது 1 முதல் 1.5 பார் அழுத்தம் கொடுங்கள். பழுப்பு நிறம் உடனே இறங்குவது கண்ணுக்குத் தெரியும். துளை சிறிதாக இருப்பதால் கதிர் நாசிலின் நடுவில் வருகிறதா என்று முதலில் பாருங்கள். விளிம்பில் உரசினால் பவர் பாதி அங்கேயே போய்விடும். எழுத்து பொறிக்கும்போது மட்டும் காற்றை நன்றாகக் குறையுங்கள். பலமான காற்று புகையை மரத்தின் ரேகைக்குள் அழுத்திவிடும்.

தைப்பூசம் வருவது ஜனவரி, பிப்ரவரி. நம் தீவில் புழுக்கமும் மழையும் உச்சத்தில் இருக்கும் காலம். கம்ப்ரசர் உறிஞ்சும் காற்றிலுள்ள ஈரம் குழாயில் நீராகி லென்ஸில் தெறிக்கும். நீர்ப்பிரிப்பி ஃபில்டர் கட்டாயம் வேண்டும், தொட்டியின் அடி வால்வை நாள்தோறும் திறந்து வடிக்கவும் வேண்டும்.

அதே ஈரம், லேசர் குழாயைத் தண்ணீரால் குளிர்விக்கும் சில்லரிலும் தொல்லை தரும். இணையத்தில் எல்லோரும் சொல்வதை நம்பி 18 டிகிரி வைத்தால் இங்கே ஆபத்து. அறை 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 26 டிகிரி. அதற்குக் கீழே குளிர்ந்த லேசர் குழாயின் மேல் நீர் கோக்கும். கதிர் வெளிவரும் முனையில் கோத்தால் குழாயே பழுதாகும். அறையை ஏசி போட்டு உலர்த்திவிட்டு, சில்லரை 22, 23-இல் வையுங்கள். ஏசி இல்லாவிட்டால் 27-க்குக் கீழே இறக்க வேண்டாம். தண்ணீர் 30-ஐத் தாண்டினால் பவர் விழும், வெட்டு நிற்கும், நீங்கள் வேகத்தைக் குறைப்பீர்கள், மறுபடி கருகும்.

பலகையும் ஈரத்தைக் குடிக்கும். ஈரப்பலகை அறுபட அதிகச் சூடு கேட்கும், வளையவும் செய்யும். 2 மி.மீ. வளைந்தாலே ஃபோகஸ் தப்பிவிடும். பாலிதீன் உறையில், தட்டையாக, மேலே பாரம் வைத்துச் சேமியுங்கள். கியூர்பிப் போன்ற ஈரமான மேட்டுப்பகுதியில் பட்டறை இருந்தால் இதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். வாங்கும்போதே கடல் தரப் பிளைவுட்டைத் தவிருங்கள். தண்ணீர் தாங்குவதற்காகப் போடும் அந்தக் கருப்பு ஃபீனாலிக் பசை லேசருக்கு இணங்காது, எந்த செட்டிங்கிலும் கரியாகத்தான் நிற்கும். வெளிர்நிற உட்புறப் பசை போட்ட பாப்லர் பலகை எளிதாக வெட்டும், பிர்ச் அதற்கு அடுத்தது.

பின்பக்கத் தழும்புக்குக் காரணம், பலகையைத் தாங்கும் ஹனிகோம் தட்டு (தேன்கூடு போன்ற உலோகத் தட்டு). ஊடுருவி வரும் கதிர் அதன் விளிம்பில் பட்டுத் திரும்பி அடிக்கிறது. அங்கே ஒட்டியிருக்கும் பழைய தாரும் மேலே ஏறுகிறது. பலகையை ஊசிமுனைத் தாங்கிகளில் 10 மி.மீ. உயர்த்தி, ஓரங்களைக் காந்தத்தால் அழுத்திவிட்டால் தழும்பு பெரும்பாலும் நின்றுவிடும், புகைக்கும் கீழே போக வழி கிடைக்கும். சிறு துண்டுகள் விழுந்து சாயாமல் இருக்க அரை மி.மீ. ஒட்டுப்பாலம், அதாவது வெட்டாத சிறு இணைப்பு, விடுங்கள். தட்டைக் கழுவும்போது, அது அலுமினியமானால் காஸ்டிக் சோடா கலந்த அடுப்பு கிளீனர் வேண்டாம், தட்டையே அரித்துவிடும். சோப்பும் வெந்நீரும் பிரஷும் போதும்.

மேலே படியும் மஞ்சளுக்கு, நடுத்தர ஒட்டுதல் உள்ள காகித மாஸ்கிங் டேப்பை இரண்டு பக்கமும் ஒட்டி, குமிழி இல்லாமல் தேய்த்துவிடுங்கள். பவரைச் சற்றே கூட்ட வேண்டியிருக்கும். பி.வி.சி. ஸ்டிக்கரை மட்டும் ஒருபோதும் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடு உங்கள் நுரையீரலையும் இயந்திரத்தையும் சேர்த்தே அரிக்கும். மயில் தோகையில் நூறு துளையிலும் டேப்பை நகத்தால் உரித்துக்கொண்டிருக்க வேண்டாம்: அகலமான பேக்கிங் டேப்பை மேலே அழுத்தி ஒட்டி இழுத்தால் எல்லாத் துணுக்கும் ஒன்றாக வந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் படிந்ததை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள், மிஞ்சினால் 240 எண் உப்புத்தாளால் ரேகைப் போக்கில் தேயுங்கள். ஓரத்துக்குப் பிரஷால் ஒரு கை நிறமற்ற வார்னிஷ் கட்டாயம் அடியுங்கள். காவடி எடுப்பவரின் ரோஜா நிற உடையில், தோளில் வியர்வையோடு உரசினால் மிச்சக் கரி அப்படியே இறங்கிவிடும்.

வேல் முனையை அக்ரிலிக்கில் செய்வதானால் காற்று விஷயம் தலைகீழ். பலமான காற்று ஓரத்தை மங்கலாக்கும். புகையை விலக்கும் அளவுக்கு மெல்லிய காற்று இருந்தால் காஸ்ட் அக்ரிலிக் (அச்சில் ஊற்றிச் செய்த வகை) கண்ணாடி போல் பளபளக்கும். காற்று குறைவதால் தீப்பிடிக்க வாய்ப்பு அதிகம், வெட்டி முடியும்வரை பக்கத்தைவிட்டு நகராதீர்கள். அக்ரிலிக்கை ஆல்கஹாலால் துடைக்கவும் கூடாது. வெட்டிய ஓரத்தில் மயிரிழை விரிசல் ஓடும்.