19 வயதில் யார், யாரோடு? கூடைப்பந்து கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஆஸ்திரேலிய இளம் வீரர்களைப் பற்றித்தான். ஐரோப்பாவிலிருந்து ஒரு பையன் கிளம்பினால் உலகமே பேசுகிறது, ஆஸ்திரேலியப் பையன்களை மட்டும் யாரோடாவது ஒப்பிட்டுத்தான் பேசுகிறார்கள் என்று சிலர் ஆதங்கப்பட்டிருந்தார்கள். எனக்கும் அந்த ஆதங்கம் உண்டு. ஆனால் ஒப்பீட்டைச் சரியாகச் செய்தால் அதில் நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

கே: ஜோஷ் கிடியை ‘ஆஸ்திரேலியாவின் லூகா டோன்சிச்’ என்கிறார்கள். இது நியாயமா? (கோவை)

ப: பாதி நியாயம். எந்தப் பாதி என்பதை எண்களே காட்டும். என்பிஏ-வில் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) முதல் ஆண்டில் ஸ்லோவேனியாக்காரர் டோன்சிச் ஆட்டத்துக்குச் சராசரியாக 21.2 புள்ளி, 7.8 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 6 அசிஸ்ட் (சக வீரர் கூடை போட உதவும் பாஸ்) எடுத்தார். கிடியின் முதல் ஆண்டு: 12.5 புள்ளி, 7.8 ரீபவுண்ட், 6.4 அசிஸ்ட். ரீபவுண்ட் அச்சு அசலாக ஒன்று, அசிஸ்டில் கிடி ஒரு படி மேல். 2022 ஜனவரி 2 அன்று டல்லாஸ் அணிக்கு எதிராக 17 புள்ளி, 13 ரீபவுண்ட், 14 அசிஸ்ட் எடுத்தபோது அவருக்கு வயது 19 ஆண்டு 84 நாள். என்பிஏ வரலாற்றில் ட்ரிபிள் டபுள் (ஒரே ஆட்டத்தில் இப்படி மூன்று கணக்கிலும் பத்தோ அதற்கு மேலோ) எடுத்தவர்களில் அப்போது அவர்தான் மிக இளையவர். பந்து கையில் இருக்கும்போது எந்த ஆள் எங்கே வந்து நிற்பான் என்பது இருவருக்கும் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ஒப்பீடு பிறந்தது அங்கேதான்.

மீதிப் பாதி, புள்ளி எடுப்பது. டோன்சிச் தடுப்பாளர்மீது உடம்பைச் சாய்த்து ஃபவுல் வாங்குவார், சட்டென்று பின்வாங்கி மூன்று புள்ளி எறிவார். கிடிக்கு முதல் ஆண்டில் மூன்று புள்ளி எறிதல் நான்கில் ஒன்றுதான் விழுந்தது. ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு (ஃபவுலுக்கு ஈடாகத் தடையின்றி எறியும் இடம்) ஆட்டத்துக்கு ஒரு முறை போனால் அதிகம். எதிரணிகள் இதைக் கவனிக்காமல் இருக்குமா? 2024 பிளேஆஃபில் (லீக் சுற்றுக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் தொடர்கள்) டோன்சிச் ஆடிய டல்லாஸ் அணியே கிடியைத் தடுக்க ஆள் வைக்காமல், ‘வேண்டுமானால் எறிந்துகொள்’ என்று விட்டுவிட்டது. கிடியின் அணியான ஓக்லஹோமா அவரை முதல் ஐவரிலிருந்து இறக்கியது. அந்தக் கோடையிலேயே சிகாகோவுக்கு மாற்றப்பட்டார். பார்க்கவே கஷ்டமாக இருந்த தொடர் அது.

அப்புறம் நடந்ததைச் சொல்லாவிட்டால் இந்தப் பதில் முழுமையாகாது. 2025 மார்ச் 27, சிகாகோ. எதிரே லேக்கர்ஸ், அந்த அணியில் டோன்சிச். 12 விநாடி மீதியிருக்க சிகாகோ 5 புள்ளி பின்தங்கியிருந்தது. முதலில் பாட்ரிக் வில்லியம்ஸ் ஒரு மூன்று புள்ளி போட்டார். லெப்ரான் ஜேம்ஸ் கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே கொடுத்தபோது கிடி பாய்ந்து பறித்து கோபி வைட்டிடம் தள்ள, அவரும் மூன்று போட்டார். சிகாகோ முன்னிலை. லேக்கர்ஸ் உடனே பதிலடி கொடுத்து மறுபடி ஒரு புள்ளி முன்னே போனது. மீதி 3.3 விநாடி. இந்த முறை கோட்டுக்கு வெளியே நின்றவர் கிடி. பந்தை வில்லியம்ஸிடம் கொடுத்து, திரும்ப வாங்கி, பாதி மைதானத்துக்கும் பின்னாலிருந்து எறிந்தார். விழுந்தது. 119-117. அன்று அவர் கணக்கு 25 புள்ளி, 14 ரீபவுண்ட், 11 அசிஸ்ட். அந்த ஆண்டு அவருடைய மூன்று புள்ளி விகிதம் 37.8 சதவீதம்.

டோன்சிச் 19 வயதில் கொண்டுவந்ததில் ஒரு பகுதியை கிடி 22 வயதில் உழைத்துச் சேர்த்தார். எனக்கு இதில் குறை ஒன்றும் தெரியவில்லை.

கே: லமேலோ பால் ஆஸ்திரேலிய என்பிஎல்-லில் (அந்நாட்டின் முதல்நிலை லீக்) எடுத்த எண்கள் டோன்சிச்சின் யூரோலீக் எண்களைவிட அதிகம். அப்படியானால் என்பிஎல் மட்டமான லீக்தானே? (சென்னை)

ப: எண்களை மட்டும் வைத்து இரண்டு லீகுகளைத் தராசில் போடக் கூடாது. 2019-20இல் இல்லவாரா ஹாக்ஸ் அணிக்கு ஆடிய அமெரிக்கரான லமேலோ ஆட்டத்துக்கு 17 புள்ளி எடுத்தார். 2017-18 யூரோலீகில் (ஐரோப்பாவின் முதன்மை கிளப் போட்டி) ரியல் மாட்ரிட் அணிக்கு டோன்சிச் எடுத்தது 16. ஆனால் லமேலோ ஆடியது 12 ஆட்டம், ஒவ்வொன்றிலும் சுமார் 31 நிமிடம். டோன்சிச் சுமார் 26 நிமிடம்தான் களத்தில் இருந்தார். லமேலோ எறிந்ததில் 37.5 சதவீதம்தான் கூடைக்குள் போனது. அவருடைய அணி 28 ஆட்டத்தில் 5 வென்று கடைசி இடத்தில் முடித்தது. டோன்சிச்சின் அணியோ யூரோலீக் கோப்பையைத் தூக்கியது, 19 வயதில் அவருக்கே அந்த லீகின் சிறந்த வீரர் விருது.

ஒரு பையனை அளக்க நான் பார்ப்பது இவ்வளவுதான்: என்ன வயதில் ஆடினார், யாரை எதிர்த்து ஆடினார், அணி அவரை நம்பி என்ன பொறுப்பைக் கொடுத்தது. தோற்கிற அணியில் பந்து முழுக்கக் கையில் இருப்பது ஒரு பொறுப்பு. கோப்பைக்கு ஆடுகிற அணியில் கடைசி ஐந்து நிமிடம் பந்தை வைத்திருப்பது வேறு பொறுப்பு.

என்பிஎல் மட்டம் இல்லை. 30 வயது கடந்த, உடம்பு இறுகிய ஆட்கள் முட்டி மோதுகிற லீக் அது. இளம் வீரர்களை என்பிஏ-வுக்குத் தயார்படுத்தும் ‘நெக்ஸ்ட் ஸ்டார்ஸ்’ திட்டத்தில் அங்கே வந்த பிரெஞ்சுக்காரர் அலெக்ஸ் சார், பெர்த் அணியில் ஆட்டத்துக்குச் சுமார் 17 நிமிடமே ஆடி, 2024 டிராஃப்டில் (என்பிஏ அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) இரண்டாவதாகத் தேர்வானார். கிடியும் அடிலெய்ட் அணிக்காக 18 வயதில் 10.9 புள்ளி, 7.3 ரீபவுண்ட், 7.5 அசிஸ்ட் எடுத்துத்தான் 2021இல் ஆறாவதாகப் போனார். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: என்பிஎல், யூரோலீக் ஆட்டங்கள் 40 நிமிடம், என்பிஏ 48 நிமிடம். நேரடியாக எண்ணை எண்ணோடு வைத்தால் கணக்கு பிசகும்.

கே: ராக்கோ சிகார்ஸ்கி ஆஸ்திரேலியாவின் வெம்பன்யாமாவா? (மதுரை)

ப: இல்லை. உயரம் ஒன்றுதான் ஒற்றுமை. சிகார்ஸ்கி 7 அடி 3 அங்குலம். பிரிஸ்பேன் புல்லட்ஸ் அணியில் பெரும்பாலும் மாற்று வீரராக வந்தார், 2025 டிராஃப்டில் 45ஆவது தேர்வு. பிரான்சின் வெம்பன்யாமா 19 வயதில் பிரெஞ்சு முதல்நிலை லீகில் புள்ளி, ரீபவுண்ட், பிளாக் (எறிந்த பந்தைத் தடுப்பது) மூன்றிலும் முதலிடம் பிடித்து, தன் அணியை இறுதிச் சுற்றுக்கு இழுத்துப் போனவர். அப்படி ஒருவர் எப்போதாவதுதான் வருவார், அந்தப் பெயரை இந்தப் பையன் தலையில் ஏற்றுவது பாவம். சிகார்ஸ்கியிடம் பார்க்க வேண்டியது வேறு: கூடைக்குக் கீழே நின்று எறிதலைத் தடுப்பதும், உயரப் பாஸை வாங்கி அப்படியே உள்ளே திணிப்பதும். அது போதும், என்பிஏ-வில் பத்து வருஷம் சம்பாதிக்க.

கே: டைசன் டேனியல்ஸை யாரோடு ஒப்பிடலாம்? அவரைப் பற்றி யாரும் பேசுவதே இல்லையே! (திருச்சி)

ப: நல்ல கேள்வி. புள்ளி எடுப்பவரைத்தான் கண் தேடும், பந்தைப் பறிப்பவரை அல்ல. 2022 டிராஃப்டில் ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ ஊர்ப் பையன் டேனியல்ஸ் எட்டாவது தேர்வு. முதல் இரண்டு ஆண்டு நியூ ஆர்லியன்ஸில் டேனியல்ஸ் 3.8, 5.8 புள்ளிதான் எடுத்தார். 2024இல் அட்லாண்டாவுக்கு மாற்றப்பட்டதும் 14.1 புள்ளி. அதைவிடப் பெரிய எண், ஆட்டத்துக்கு 3 ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது). 1990-91இல் ஆல்வின் ராபர்ட்சனுக்குப் பிறகு ஒரு பருவம் முழுக்க அந்தச் சராசரியை யாரும் தொடவில்லை. அதிகம் முன்னேறிய வீரர் விருதும் அந்த ஆண்டு அவருக்கே.

அடுத்த முறை அவர் ஆட்டம் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு அவர் கையை மட்டும் பாருங்கள். பெரும்பாலான தடுப்பாளர்கள் மேலிருந்து கீழே பந்தை அடிப்பார்கள், ஃபவுல் விழும். டேனியல்ஸ் உள்ளங்கையை மேல் நோக்கித் தாழ்த்தி வைத்திருப்பார். தரையில் பட்டு எழுகிற பந்து எதிராளியின் கைக்குப் போவதற்குள் விரல் நுனியால் ஒரு தட்டு. பந்து பக்கவாட்டில் ஓடும், இவர் அதற்கு முன்பே ஓட ஆரம்பித்திருப்பார். சின்ன வயதில் ஆஸ்திரேலியக் கால்பந்தும் (பந்தைக் கையாலும் எடுத்து ஆடுவது) ஆடியவர், கீழே உருளும் பந்தை ஓடிப்போய் அள்ளுகிற பழக்கம் அங்கிருந்தே வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தன் வயதுக்காரர்களில், உலகில் எந்த நாட்டவரோடும், தடுப்பாட்டத்தில் அவரைத் தயங்காமல் நிறுத்தலாம். வெம்பன்யாமா ஒருவர் விதிவிலக்கு.

கே: டான்டே எக்ஸம் ஏன் பெரிய ஆளாகவில்லை? (யாழ்ப்பாணம்)

ப: ஆஸ்திரேலியரான எக்ஸம் 2014 என்பிஏ டிராஃப்டில் ஐந்தாவது தேர்வு. அதற்கு முன் பெரியவர்களோடு தொடர்ந்து ஆடிப் பழகவில்லை, வயதுப் பிரிவுப் போட்டிகளில்தான் பெயர் வாங்கினார். அடுத்த ஆண்டே முழங்காலில் தசைநார் கிழிந்து ஒரு பருவம் முழுக்கப் போனது. பிறகு பார்சிலோனா, பார்ட்டிசான் என்று ஐரோப்பா போய் ஆட்டத்தைத் திருத்திக்கொண்டு 2023இல் என்பிஏ-வுக்குத் திரும்பினார். தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வராது.

கே: பெண்களைப் பற்றி எழுதவே மாட்டீர்களா? (சிட்னி)

ப: எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் இங்கே ஒப்பீடு தலைகீழ். ஆண்களில் ஆஸ்திரேலியரை மற்றவரோடு ஒப்பிடுவார்கள். பெண்களில் பல காலம் உலகமே ஆஸ்திரேலியாவின் லாரன் ஜாக்சனோடு தன் பிள்ளைகளை ஒப்பிட்டது. 2001 டபிள்யூஎன்பிஏ (அமெரிக்கப் பெண்கள் லீக்) டிராஃப்டில் 19 வயதில் முதல் தேர்வு, மூன்று முறை சிறந்த வீராங்கனை, இரண்டு கோப்பை.

இன்றைய பிள்ளைகளில் பிரான்சின் டொமினிக் மலோங்கா 2025இல் 19 வயதில் இரண்டாவது தேர்வு. உயரம், பாய்ச்சல் இரண்டிலும் அவர் தனி. ஆஸ்திரேலியாவின் இசபெல் போர்லேஸ் 2024இல் 20ஆவது தேர்வு, மலோங்காவைவிடச் சிறியவர், ஆனால் இடித்துக்கொண்டு கூடைக்குப் போகிற துணிச்சல் உண்டு. களத்தில் ஒரே பொறுப்பில் ஆடாத இருவரை ஒன்றாக நிறுத்த மாட்டேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஆஸ்திரேலிய அணியின் பெஞ்சை மட்டும் நினைத்துப் பாருங்கள்: 19 வயது போர்லேஸ், 43 வயது ஜாக்சன், ஒரே சீருடை. அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து கற்பதற்கு ஈடாக எந்த அகாடமியையும் சொல்ல முடியாது.

கே: என் மகனுக்கு 15 வயது. நன்றாக ஆடுகிறான். ஐரோப்பிய கிளப் அகாடமிக்கு அனுப்பலாமா? (மெல்போர்ன்)

ப: அவசரப்படாதீர்கள். நீங்கள் இருக்கும் நாட்டிலேயே மாநில அணித் தேர்வு, கான்பெராவில் உள்ள உயர்நிலைப் பயிற்சி மையம், பெரியவர்களோடு ஆடிப் பழக என்பிஎல்1 (என்பிஎல்-லுக்கு அடுத்த நிலை லீக்) என்று எல்லாப் படியும் இருக்கிறது. டேனியல்ஸும் கிடியும் கான்பெரா வழியாகவே போனார்கள். அமெரிக்கக் கல்லூரிக்குப் போனாலும் கதவு மூடிவிடாது: லாக்லன் ஓல்பிரிச் கலிஃபோர்னியாவில் ஒரு வருஷம் ஆடிவிட்டுத் திரும்பி, 2025இல் இல்லவாராவோடு என்பிஎல் கோப்பை வென்று, அதே ஆண்டு டிராஃப்டில் 55ஆவதாகத் தேர்வானார். ஆமாம், லமேலோ காலத்தில் கடைசி இடத்தில் கிடந்த அதே இல்லவாராதான்.

எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும் பயிற்சியாளரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: ‘என் பையன் வாரத்துக்கு எத்தனை நிமிடம் ஆட்டத்தில் இருப்பான், யாரை எதிர்த்து?’ பதில் தெளிவாக வராத இடத்தில் சேர்க்க வேண்டாம்.