பின்னுவதிலும் நூற்பதிலும் படித்ததையே படிப்பதிலும் அப்படி என்ன இருக்கிறது?

"500 ரூபாய்க்கு ஸ்வெட்டர் கிடைக்கிற காலத்தில் கையால் பின்னுவது, தக்கிளியில் நூல் நூற்பது, முடிவு தெரிந்த நாவலைத் திரும்பப் படிப்பது, இதிலெல்லாம் என்ன சந்தோஷம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் செய்கிற ஆள் நான். அதுவும் கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு. இந்த ஊரில் ஸ்வெட்டர் தேவைப்படும் நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை, வீட்டிலேயே அடிக்கடி கேட்கிறார்கள்.

பின்னல் எனக்கு டெல்லியில் ஒட்டிக்கொண்டது. அப்பா மத்திய அரசு குமாஸ்தா, ஆர்.கே. புரத்தில் குவார்ட்டர்ஸ். 1970களின் கடைசி. ஜனவரியில் வீட்டுக்குள் இருந்தால் விறைத்துப்போகும், மொட்டை மாடியில்தான் வெயில். பதினோரு மணிக்கெல்லாம் கயிற்றுக் கட்டில்கள் மேலே வந்துவிடும். வேர்க்கடலைத் தோல், ஆரஞ்சுத் தோல், நடுவில் நாலைந்து பஞ்சாபி ஆன்ட்டிகள், ஒவ்வொருவர் மடியிலும் ஒரு நூல் உருண்டை. திருநெல்வேலியிலிருந்து வந்த அம்மாவுக்கு அப்போது ஹிந்தி வராது. முதலில் கற்றுக்கொண்ட ஹிந்தியே ஊசியில் கண்ணி, அதாவது நூல் வளையம், எண்ணுவதற்கான எண்கள்தான். அடுத்து 'சீதா', 'உல்டா'. நேராகப் போடும் கண்ணி சீதா, மாற்றிப் போடுவது உல்டா. ஊசிக்கு சலாயி, கண்ணிக்கு ஃபந்தா. "எத்தனை ஃபந்தா போட்டிருக்கட்டி?" என்று அம்மா கேட்கும் தமிழ் உலகத்தில் வேறெங்கும் இருந்திருக்காது. இன்றைக்கும் பின்னும்போது மட்டும் நான் ஹிந்தியில்தான் எண்ணுகிறேன்.

பின்னலில் மொத்தமே இந்த இரண்டு கண்ணிகள்தான். இன்னும் சரியாகச் சொன்னால் ஒன்றுதான். சீதாவைத் துணியின் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் அதுதான் உல்டா. இது எனக்குப் புரியவே நாலு வருடம் ஆனது. புரிந்த அன்று மாடியில் யாரிடம் சொல்வதென்று தெரியாமல் தம்பியிடம் சொன்னேன். அவன் கடலை உரித்துக்கொண்டிருந்தான்.

எங்கள் வீட்டில் புது உல்லன் நூல் வாங்குவது அபூர்வம். அண்ணனுக்குச் சின்னதான ஸ்வெட்டரைப் பிரித்து, அந்த நூலில்தான் எனக்குப் பின்னுவார்கள். நான் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அம்மா பிரித்த நூலை என் கைகளில் சுற்றுவாள். நூல் நூடுல்ஸ் மாதிரி நெளிநெளியாக இருக்கும். அதைத் தளரக் கட்டி, வெந்நீரில் அலசி, அடியில் ஏதாவது கனம் தொங்கவிட்டுக் காயப்போட்டால் நெளிவு போய்விடும். அப்புறம் மறுபடி உருண்டை, மறுபடி ஸ்வெட்டர். ஒரே நீல நூல் மூன்று பேர் உடம்பில் ஏறியிறங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதில்தான் இருக்கிறது. நான் முப்பது வருடம் வங்கியில் வேலை பார்த்தவள். அங்கே ஒரு தப்பான பதிவு போட்டால், அதைத் திருத்த இன்னொரு பதிவு போட வேண்டும். இரண்டும் லெட்ஜரில் காலத்துக்கும் நிற்கும், அதற்கு ஒரு விளக்கக் கடிதம் வேறு. பின்னலில் இருபது வரிசை தள்ளி ஒரு தப்பைக் கண்டுபிடித்தால் ஊசியை உருவிவிட்டு நூலைப் பிடித்து இழுக்கலாம். சரசரவென்று பிரிந்து வரும், தப்பு நடந்த தடமே இருக்காது. நான் அழுதுகொண்டு போய் நின்றபோதெல்லாம் அம்மா சொன்னது ஒன்றேதான்: "பிரி. நூலு எங்க போயிரப் போவுது?" வாழ்க்கையில் இப்படிச் சலுகை கொடுக்கிற வேலைகள் எத்தனை இருக்கின்றன, சொல்லுங்கள்.

கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தபோது, பின்னல் என்பது குளிர் ஊர்ச் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். திருப்பூர் பக்கத்திலேயே இருப்பது அப்போது உறைக்கவில்லை. ஒரு பனியனைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். முன்பக்கம் முழுக்க V போல வரிசை வரிசையாக சீதா, பின்பக்கம் உல்டா. அம்மா மாடியில் பின்னிய அதே அமைப்புதான், ஊசிதான் மயிரிழை. பனியனைக் கத்திரித்தால் ஓரம் சுருட்டிக்கொள்கிறதே, அது தையல்காரர் குற்றமில்லை. வளைந்து கண்ணியாக நிற்கிற நூல் நிமிரப் பார்க்கிறது. பக்கவாட்டு ஓரங்கள் பின்னால் சுருளும், மேலும் கீழும் முன்னால் சுருளும். நான் முதலில் பின்னிய மஃப்ளரும் அப்படித்தான் குழாயாகச் சுருண்டது. சீதாவும் உல்டாவும் மாற்றி மாற்றிப் போட்டு பார்டர் வைத்தால் இரண்டு பக்க இழுப்பும் சமமாகித் தட்டையாக நிற்கும். பனியன் கழுத்துப் பட்டையில் இருப்பதும் அதுதான்.

தக்கிளியைக் கற்றுக்கொடுத்தது மாமனார். கோவையில் ஒரு நூற்பாலையில் ஸ்பின்னிங்கில் முப்பத்தைந்து வருடம் இருந்தவர். நூலை முறுக்கிச் சுற்றும் கம்பிகளான கதிர்கள் ஆயிரக்கணக்கில் சுழல்கிற கூடத்தில், அறுந்த இழைகளை ஓடி ஓடி ஒட்டியவர். அதற்கும் முன்னால், 1950களில், பள்ளிக்கூடத்தில் தக்கிளி வகுப்பு இருந்தது. பித்தளைப் பில்லை, நடுவில் ஒரு கம்பி, நுனியில் கொக்கி, அவ்வளவுதான் கருவி. அதை இன்னும் பீரோவில் வைத்திருந்தார். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாரம் எடுத்துக் கொடுத்தார்.

கொட்டாங்குச்சிக்குள் தக்கிளியை நிறுத்தி வலது கையால் சுழற்ற வேண்டும், இடது கையில் பஞ்சுப் பட்டை. பருத்தி இழை மிஞ்சிப் போனால் ஓர் அங்குலம், கொஞ்சம் கூட இருக்கும். தக்கிளியை அந்தரத்தில் தொங்கவிட்டால் கனம் தாங்காமல் அறுந்துவிடும், அதனால்தான் கொட்டாங்குச்சி. முறுக்கு ஏறும் வேகமும் பஞ்சை விடும் வேகமும் ஒத்துப்போக வேண்டும். பஞ்சை அதிகம் விட்டால் கயிறு, குறைத்து விட்டால் ஒன்றுமே இல்லை, கையில் ஒரு பூ மாதிரி பஞ்சு மட்டும் நிற்கும். மாமா விரலில் கொஞ்சம் விபூதி தொட்டுக்கொண்டு சுழற்றுவார், வியர்வைக்கு அது நல்லது. எண்பது வயதுக் கை, ஆனால் இழை அறுவதில்லை. என் நூலோ பாம்பு எலியை விழுங்கியது போல நடுநடுவே புடைத்திருக்கும். முதல் மாதம் நூற்றது முழுவதும் விளக்குத் திரியாகத்தான் போயிற்று.

"ஏனம்மிணி, இத வெச்சு ஒரு கோமணம் நெய்யறக்குள்ள தீவாளி வந்துருமாட்ட இருக்குதே" என்றார் ஒருநாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். சென்டிமீட்டருக்கு 20 இழை, நீளவாக்கில் ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் அதே கணக்கு என்று வைத்தால் ஒரு சதுர மீட்டர் துணிக்கு 4,000 மீட்டர் நூல் வேண்டும். இரண்டு மீட்டர் நீளம், ஒன்றேகால் மீட்டர் அகலத்தில் ஒரு நாலு முழ வேட்டிக்கு 10,000 மீட்டர். கதர்க் கணக்கில் 1,000 மீட்டர் நூல் சுற்றிய கட்டு ஒரு சிட்டம், ஆக பத்து சிட்டம். என் வேகம் மணிக்கு 60 மீட்டர். தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஐந்தரை மாதம், நெசவு தனி. "தீவாளி இல்லீங்க மாமா, பொங்கலே வந்துரும்" என்றேன்.

மில்லில் நூலுக்கு நம்பர் உண்டு. ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை இருக்கிறதோ, அதுதான் நம்பர். நாற்பதாம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கெஜம் நூல். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். பின்னல் ஊசியிலும் நம் கடைகளில் இன்னும் பழைய பிரிட்டிஷ் நம்பர்தான், அதுவும் அப்படியே: எட்டாம் நம்பர் 4 மில்லிமீட்டர், பத்தாம் நம்பர் 3.25. என் தக்கிளி நூல் பத்தாம் நம்பரைத் தாண்டாது என்பது மாமாவின் மதிப்பீடு. கையால் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். (கதர் உலகத்தில் பேர் வாங்கிய அம்பர் சர்க்கா என்ற ராட்டையை உருவாக்கியவர் ஏகாம்பரநாதன் என்ற தமிழர், அவர் பெயரின் 'அம்பர்'தான் அது என்பதையும் மாமாதான் சொன்னார். அதில் அவருக்கு ஒரு தனிப் பெருமை.)

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நூற்பில் பிரித்துப் போடும் சலுகை கிடையாது, முறுக்கு ஏறியது ஏறியதுதான். அறுந்தால் இரண்டு நுனிகளையும் விரலால் கலைத்து, ஒன்றின் மேல் ஒன்று வைத்து, முறுக்கை மெதுவாக ஓடவிட வேண்டும். ஒட்டிக்கொள்ளும். ஆயிரம் தடவை அறுந்தாலும் ஒட்டும். அந்த ஒட்டுகிற நொடி பழகிவிட்டால் அறுவதற்காகவே காத்திருக்க ஆரம்பித்துவிடுவோம் போலிருக்கிறது.

புத்தகத்துக்கு வருகிறேன். நூல் என்ற சொல் இரண்டுக்கும் பொது என்பது எல்லோருக்கும் தெரியும். பள்ளியில் அதைச் சிலேடை என்று நினைத்துக் கடந்துபோயிருப்போம். 13ஆம் நூற்றாண்டு நன்னூலின் பாயிரத்தில் ஒரு வெண்பா வருகிறது. அதைத் தக்கிளி பிடித்த பிறகு மறுபடி படித்தேன். சொல்தான் பஞ்சு, செய்யுள்தான் இழை, புலவன்தான் நூற்கிற பெண், வாய்தான் கை, அறிவுதான் கதிர் என்று ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டே போகிறது. எழுதியவர் யாராவது நூற்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். கதிரை அறிவுக்கு வைத்தார் பாருங்கள், அங்கேதான் நான் நின்றுவிட்டேன். கை பஞ்சைக் கொடுக்கிறது, ஆனால் முறுக்கு ஏற்றுவது கதிர். முறுக்கு இல்லாத பஞ்சு ஊதினால் பறந்துவிடும். நாற்பது வருடம் முன்பு இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியபோது ஒரு சொல்லும் உள்ளே போகவில்லை.

திரும்பப் படிப்பதில் என்ன இருக்கிறது என்றீர்களே, எனக்கு இதுதான் உதாரணம். புத்தகம் அதேதான், இடையில் என் கை ஒரு வேலையைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறது.

நான் அதிகம் திரும்பப் படிப்பது அம்மாவின் பைண்டிங் புத்தகங்களை. டெல்லியில் வாரப் பத்திரிகைகள் இரண்டு மூன்று நாள் தாமதமாகத்தான் கைக்கு வரும். தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து, வரிசைப்படி அடுக்கி, ஊருக்கு வரும்போது பைண்ட் செய்து எடுத்துப் போவாள். அதில் ஒரு தொடரின் பதினேழாம் அத்தியாயம் இல்லை, அந்த வாரம் இதழே வந்து சேரவில்லை. பிறகு தமிழ்ச் சங்க நூலகத்தில் முழு நாவலாகக் கிடைத்து அந்த அத்தியாயத்தைப் படித்தேன். அம்மா சொன்ன பதினேழாம் அத்தியாயம் இதைவிட நன்றாக இருந்தது. அவளாகவே ஒன்றைக் கட்டிச் சொல்லியிருக்கிறாள்! இன்றைக்கும் பதினாறு முடிந்ததும் எனக்கு அம்மாவின் கதைதான் ஓடும். கதையின் பின்பக்கங்களில் பாதி ஜோக்குகளும் பவுடர் விளம்பரங்களும், அவையும் எனக்கு மனப்பாடம்.

பைண்டிங் புத்தகத்துக்கு இன்னொரு சௌகரியம், திறந்து வைத்தால் மூடிக்கொள்ளாது. புதுப் புத்தகங்களுக்குத் துணிக் கிளிப் போட வேண்டியிருக்கிறது. சீதா மட்டும் ஓடுகிற இடங்களில் கை தானாகப் பின்னும், கண் கதையில் இருக்கும். தெரிந்த கதை என்பதால் கண்ணி தவறினால் குனிந்து பார்த்துவிட்டு வந்தாலும் ஒன்றும் தவறிப்போகாது. புதுக் கதைக்கு இது சரிப்படாது. ஒரு துப்பறியும் நாவலை முதல் தடவை படித்துக்கொண்டே பின்னியதில், கொலை நடந்த இடத்தில் மட்டும் கண்ணிகள் இறுகிப்போய் அந்த வரிசையே தனியாகத் தெரிந்தது. பிரித்தேன்.

மன அழுத்தம் குறையும், தியானம் மாதிரி என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு முதல் மாதம் ரத்த அழுத்தம் ஏறத்தான் செய்தது. இரண்டு வாரம் பின்னிய அக்ரிலிக் ஸ்கார்ஃபை இஸ்திரி போட்டு, சூட்டில் அது கருவாடு மாதிரி தொங்கிப்போனதும் உண்டு. அக்ரிலிக்கில் இஸ்திரிப் பெட்டியை வைக்கவே வைக்காதீர்கள்.

செய்து பார்க்கத் தோன்றினால் எட்டாம் நம்பர் ஊசி ஒரு ஜோடி, வெளிர் நிறத்தில் நடுத்தர கனமுள்ள உல்லன் நூல் ஓர் உருண்டை வாங்குங்கள். கறுப்பு வேண்டாம், கண்ணி தெரியாது. முப்பது கண்ணி போட்டு, இரண்டு பக்கமும் சீதா மட்டுமே போட்டுக்கொண்டு போனால் ஓரம் சுருளாது. யாருக்காவது கொடுக்க வேண்டும் என்று ஆரம்பிக்காதீர்கள், தேதி வந்துவிடும்.

இப்போது என் ஊசியில் இருப்பது குன்னூரில் இருக்கும் தம்பி பேத்திக்குப் பச்சை ஸ்வெட்டர், கடலை உரித்த அதே தம்பி. ஒரு கை பாக்கி. நேற்று அளந்தால் முதல் கை இரண்டு விரற்கடை நீளம். மாமா பார்த்துவிட்டு, "புள்ள வளரும், வுடு" என்றார். நான் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.