மென்பொருள் சிந்தசைசருக்குக் குறைந்த செலவில் எக்ஸ்-ஒய் கன்ட்ரோலர் கிடைக்குமா?

கேள்வி கேட்டவர் பண்டாரவளைக்காரர். மடிக்கணினியில் சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல் என்ற இரண்டு மென்பொருள் சிந்தசைசர்கள் (கணினியிலேயே இசை ஒலி உருவாக்குபவை) இருக்கின்றன, சின்ன கீபோர்டு ஒன்றும் இருக்கிறது. ஒரே அசைவில் இடம் வலமும் மேல் கீழும் நகர்த்தி ஒலியை மாற்ற ஒரு கருவி வேண்டும், புதிதாக விலையுயர்ந்தது வாங்க வழியில்லை என்கிறார். ஹட்டன் பக்கம் கோயில் திருவிழாக்களில் கீபோர்டு வாசிக்கிற எனக்கும் இதே தேவை இருந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

விலை விசாரிப்பதற்கு முன் ஒன்றை முடிவு செய்யுங்கள். கையை எடுத்ததும் அது நடுவுக்குத் திரும்ப வேண்டுமா, விட்ட இடத்திலேயே நிற்க வேண்டுமா? வாங்க வேண்டிய சாமானே இதை வைத்து மாறும். நாதஸ்வர ஒலியில் கமகம் கொடுக்க வேண்டுமென்றால் ஸ்பிரிங் உள்ள ஜாய்ஸ்டிக்தான் சரி. விரலை விட்டதும் சுருதி தன் இடத்துக்கு வந்துவிட வேண்டும். பேட் என்று சொல்லும், நீண்டு ஒலிக்கும் பின்னணி ஒலியின் நிறத்தை மெல்ல மாற்றி அப்படியே நிறுத்தி வைக்க ஸ்பிரிங் உதவாது, தொடுதளம் வேண்டும். 1986இல் வந்த ப்ராஃபெட் விஎஸ், 1990இல் வந்த கோர்க் வேவ்ஸ்டேஷன் ஆகிய சிந்தசைசர்கள் இரண்டும் நான்கு ஒலிகளை நான்கு முனைகளில் வைத்து ஜாய்ஸ்டிக்கால் கலந்தவை. அந்த மாதிரி கலவைதான் உங்கள் விருப்பம் என்றாலும் நிற்கிற வகையே நல்லது.

நிற்கிற வகைக்குச் செலவு குறைந்த வழி உங்கள் கையிலிருக்கும் போன்தான். டச்ஓஎஸ்சி என்ற செயலியில் எக்ஸ்-ஒய் தளம் இருக்கிறது. அது காசு கொடுத்து வாங்குவது, ஆனால் எந்தக் கருவியோடும் ஒப்பிட முடியாத சிறு தொகை. ஆண்ட்ராய்டு 6இலிருந்து போனையே யூஎஸ்பி மிடி கருவியாகக் காட்டும் வசதி உண்டு (மிடி என்பது இசைக் கருவிகளும் கணினியும் கட்டளைகளைப் பரிமாறும் முறை). கேபிளைச் செருகி, யூஎஸ்பி அமைப்பில் மிடி என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். வைஃபையிலும் அனுப்பலாம், ஆனால் தாமதம் கூடிக் குறையும். மேடையில் கேபிளைத்தான் நம்புவேன். கண்ணாடியில் விரலுக்குப் பிடி கிடைக்காது, பார்த்துப் பார்த்துத்தான் நகர்த்த வேண்டும். அது பிடிக்காவிட்டால் பாவித்த கோர்க் நானோபேட்2 தேடுங்கள். விரலால் தட்டும் 16 பேட்களோடு பக்கத்தில் ஒரு எக்ஸ்-ஒய் தளமும் இருக்கும்.

ஸ்பிரிங் வகைக்கு என் முதல் பரிந்துரை கணினி விளையாட்டுக்குப் பாவிக்கும் சாதாரண யூஎஸ்பி கேம்பேட். ஒன்றில் இரண்டு ஜாய்ஸ்டிக் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் இடம் வலமாக எக்ஸ், மேல் கீழாக ஒய், அதாவது நான்கு அச்சுகள். மிடி கருவிகளின் விலையோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. கணினி இதை மிடியாக அறியாது, நடுவில் ஒரு சிறு நிரல் வேண்டும். பைதன் நிரல் மொழியில் பைகேம், மைடோ என்ற இரண்டு துணை நிரல்கள் போதும்: பைகேம் அச்சின் அளவை -1 முதல் 1 வரை வாசித்துத் தரும், மைடோ அதை மிடியாக அனுப்பும். விண்டோஸ் என்றால் லூப்மிடியை நிறுவி ஒரு போலி மிடி வாயிலைத் திறந்துகொள்ளுங்கள், சிந்தசைசர் அதைத்தான் பார்க்கும். மேலே தள்ளினால் ஒய் அச்சில் எதிர்மறை எண் வரும், நிரலில் குறியை மாற்றிவிடுங்கள். நடுப்புள்ளியில் கொஞ்சம் நடுக்கம் இருக்கும், அந்தச் சிறு பகுதியைப் பூச்சியமாகவே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இனி சொல்லப் போவதில் கவனமாக இருங்கள், கமகத்தின் தரமே இங்குதான் இருக்கிறது. சிசி எனப்படும் சாதாரண மிடி கட்டுப்பாட்டுச் செய்திக்கு 0 முதல் 127 வரை 128 படிகள்தான். ஒலியை மங்கலாக்கவும் திறக்கவும் செய்யும் ஃபில்டருக்கு அது தாராளம். சுருதியை அதில் ஓட்டினால், மேலும் கீழும் 12 அரைச்சுரம் என்று வைத்தால், ஒரு படிக்கு கிட்டத்தட்ட 19 சென்ட் தாவும் (ஒரு அரைச்சுரம் 100 சென்ட்). காதுக்கு ஏணிப்படி தெளிவாகக் கேட்கும். அதனால் எக்ஸ் அச்சைப் பிட்ச் பென்டாக (சுருதியை வளைப்பதற்கென்றே உள்ள மிடி செய்தி) அனுப்புங்கள், அதற்கு 16,384 படிகள். ஆனால் பல கேம்பேட்கள் அச்சுக்கு 256 நிலைகளே தருகின்றன, ஆகவே பென்ட் அளவையும் 2 அரைச்சுரத்தோடு நிறுத்துங்கள். அப்போது ஒரு நிலைக்கு ஒன்றரைச் சென்டுக்குச் சற்று மேல், ஒலி வழுக்கிக்கொண்டே போகும். நான் எக்ஸில் சுருதியும் ஒய்யில் ஃபில்டரும் வைத்திருக்கிறேன். சுரம் ஏறும்போது ஒலியும் திறந்துகொள்வதை இடது கட்டைவிரல் ஒன்றே பார்த்துக்கொள்கிறது.

சாலிடரிங் தெரிந்தால் இன்னொரு வழி: அர்டுயினோ ப்ரோ மைக்ரோ என்ற நிரல் எழுதக்கூடிய சிறு மின்னணுப் பலகையும் கேஒய்-023 ஜாய்ஸ்டிக்கும். ஊனோ என்ற அர்டுயினோ பலகை வாங்க வேண்டாம், அது நேரடியாக யூஎஸ்பி மிடியாகத் தெரியாது. ப்ரோ மைக்ரோ தெரியும், அச்சுக்கு 1,024 நிலைகளும் தரும். கொழும்புக்குப் போகிறவர்கள் இருந்தால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடச் சொல்லுங்கள்.

அப்புறம், பாவித்த அக்காய் எம்பிகே மினி என்ற சின்ன மிடி கீபோர்டு, இரண்டாம் பதிப்போ மூன்றாம் பதிப்போ கிடைத்தால் விடாதீர்கள். சின்ன ஜாய்ஸ்டிக் அதிலேயே உண்டு, நிரல் எதுவும் தேவையில்லை. முதல் பதிப்பில் அது கிடையாது, படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இணைத்த பிறகு பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. மிடி லேர்ன் (எந்த அச்சு எதை மாற்ற வேண்டும் என்று சிந்தசைசருக்கு அசைத்துக் காட்டும் வசதி) கொடுத்துவிட்டு ஜாய்ஸ்டிக்கை அசைத்தால் இரண்டு அச்சும் சேர்ந்தே அசையும், சிந்தசைசர் தவறான அச்சைப் பிடித்துக்கொள்ளும். கற்றுக்கொடுக்கும் நேரத்தில் ஒரு அச்சை மட்டும் அனுப்பும்படி நிரலில் ஒரு பொத்தானை ஒதுக்கிவிடுங்கள்.

பாவித்தது எதுவானாலும் காசு கொடுப்பதற்கு முன் மடிக்கணினியில் செருகிப் பாருங்கள். கேம்பேட் என்றால் விண்டோஸ் ரன்னில் ஜாய்.சிபிஎல் திறந்து, ஜாய்ஸ்டிக்கை முழு வட்டமாகச் சுற்றி விடுங்கள். குறி நடுவுக்கு வராமல் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றால் உள்ளே கார்பன் தடம் தேய்ந்திருக்கிறது, விலை குறைத்தாலும் வாங்காதீர்கள். காந்த உணரி உள்ள, ஹால் வகை ஜாய்ஸ்டிக்கில் இந்தத் தேய்மானம் இல்லை. கொஞ்சம் விலை கூடுதல் என்றாலும் வாரா வாரம் மேடையேறுபவருக்கு அதையே சொல்வேன்.