லத்தீனா பிரெஞ்சா, டேனா டேமா

தம்பி, நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தும் ஜெர்மன் பி1 (இடைநிலை) வகுப்பில், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வேற்றுமைக்கேற்ப மாறி நிற்கும் டேர், டேன், டேம் ஏன் மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது? ஆறாம் வகுப்புக்குப் போகும் மகனைக் கிம்னாசியத்தில் (பல்கலைக்கழகத்துக்குத் தயார் செய்யும் ஜெர்மன் பள்ளியில்) லத்தீனோ பிரெஞ்சோ எடுக்கச் சொல்கிறார்கள், யாரும் பேசாத மொழியை எதற்குப் படிக்க வேண்டும்?

முதலாவதில் இங்கிலீஷ்தான் உங்களுக்கு முட்டுக்கட்டை. அதில் பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை உருபு கிட்டத்தட்ட தேய்ந்தே போய்விட்டது. ஜெர்மனில் நான்கு வேற்றுமை, நமக்கு எட்டு. பிறகு எதற்கு இங்கிலீஷ் வழியாகச் சுற்றிப் போகிறீர்கள்? இங்கே ஜெர்மனியில் பள்ளிப் பிள்ளைகள் வேற்றுமையைக் கண்டுபிடிக்கக் கேட்டுப் பார்க்கும் கேள்விகள் வேர், வெசென், வேம், வேன். அதாவது யார், யாருடைய, யாருக்கு, யாரை. அவ்வளவுதான். எண்ணில் மட்டும் குழம்பிவிடாதீர்கள்: அவர்களுடைய மூன்றாவது நம்முடைய நான்காவது, அவர்களுடைய நான்காவது நம்முடைய இரண்டாவது.

டாக்டரிடம் போய், இங்கிலீஷை மனதில் வைத்துக்கொண்டு 'இஷ் பின் ஷ்லெஷ்ட்' என்றால், 'நான் மோசமானவன்' என்று ஆகிவிடும். குமட்டுகிறது என்றால் 'மீர் இஸ்ட் ஷ்லெஷ்ட்'. மீர் என்றால் 'எனக்கு'. குளிர்கிறது என்றாலும் அதே கதைதான், 'மீர் இஸ்ட் கல்ட்'. எனக்குப் பிடித்திருக்கிறது, உனக்கு உதவுகிறேன், உங்களுக்கு நன்றி எல்லாமே அங்கேயும் டாட்டிவ்தான், அதாவது 'யாருக்கு' வேற்றுமை. இந்த இடங்களில் தமிழில் நினைத்தால் தானாக வந்துவிடும்.

சரி, தமிழ் காலை வாரும் இடங்களும் உண்டு. நாம் ஒருவருக்கு போன் பண்ணுகிறோம். ஜெர்மன்காரர் ஒருவரை போன் பண்ணுகிறார், அங்கே டிஷ்தான் (உன்னை), டீர் (உனக்கு) இல்லை. நாம் ஒருவரை வாழ்த்துவோம், ஒருவரைப் பின்தொடர்வோம். கிராட்டுலீரென், ஃபோல்கென் இரண்டுக்கும் அவர்கள் 'க்கு' போடுவார்கள். பெரிய குழி இன்னொன்று: சமையலறைக்குப் போகிறேன் என்று நாம் 'க்கு' போடும் இடத்தில் 'இன் டீ க்யூஷெ', அது அக்குசாட்டிவ், அதாவது 'யாரை' வேற்றுமை. சமையலறையில் இருக்கிறேன் என்றால் 'இன் டேர் க்யூஷெ', அது டாட்டிவ். இன், ஆவுஃப், உன்டர் என்று இப்படி இரண்டு பக்கமும் சாயும் முன்னிடைச்சொற்கள் மொத்தம் 9. நகர்ந்து போய்ச் சேர்வதா, இருக்கும் இடமா என்று மட்டும் பாருங்கள்.

உண்மையான தலைவலி வேற்றுமையே இல்லை, பால்தான். கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டுமில்லை. இதற்கு ஒரு நியாயமும் தேடாதீர்கள், கிடைக்காது. ஆனால் ஒருமையில் அக்குசாட்டிவில் மாறுவது ஆண்பால் மட்டும்தான்: டேர் லொஃபெல் என்பது டேன் லொஃபெல் ஆகும், டீ காபெலும் டாஸ் மெஸெரும் அப்படியே நிற்கும். அதனால் எந்தச் சொல்லையும் முன்னால் நிற்கும் டேர், டீ, டாஸோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். இப்போது சோம்பல்பட்டால் பி2-வில் அழ வேண்டியிருக்கும். 'யாருடைய' வேற்றுமையான கெனிட்டிவைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். பேச்சில் பல இடங்களில் அதற்குப் பதில் 'ஃபோன்' (von) என்ற முன்னிடைச்சொல்லைப் போட்டுச் சமாளிக்கிறார்கள்.

அப்புறம் மகன் விஷயம். லத்தீன் அமைப்பில் ஜெர்மனைவிட நமக்கு நெருக்கம் என்பேன். டேர், டீ போல முன்னால் எதுவும் கிடையாது, உருபு பெயரின் வாலில்தான் ஒட்டும். 'அக்ரிகோலா புவெல்லம் விடெட்', உழவன் சிறுமியைப் பார்க்கிறான். சொற்களை இடம் மாற்றிப் போட்டாலும் யார் யாரைப் பார்க்கிறார் என்பது மாறாது. விளியையும் சேர்த்து 6 வேற்றுமை. நம்முடைய ஆல், இலிருந்து, இல் மூன்றின் வேலையும் பெரும்பாலும் அப்லாட்டிவ் என்ற ஒன்றுக்குள் அடங்கிக் கிடக்கும். கஷ்டம் எங்கே என்றால், நமக்கு எல்லாப் பெயருக்கும் ஒரே 'ஐ', ஒரே 'கு'. அங்கே பெயர்கள் ஐந்து வகை, வகைக்கு ஒரு வால். போதாததற்கு 'புவெல்லே' என்ற ஒரே வடிவம் சிறுமியின், சிறுமிக்கு, சிறுமிகள் மூன்றுக்கும் வரும்.

சில கிம்னாசியங்களில் பிறகு பழங்கிரேக்கமும் உண்டு. அதில் 5 வேற்றுமை, அப்லாட்டிவ் கிடையாது, ஆனால் ஜெர்மன் போல முன்னால் நிற்கும் சொல்லும் சேர்ந்து மாறும். இன்றைய கிரேக்கத்தில் டாட்டிவே காணாமல் போய்விட்டது, 'எனக்குப் பிடிக்கும்' என்பதைக்கூட 'என்னுடைய' வடிவத்தை வைத்துத்தான் சொல்கிறார்கள்.

டாக்டராக லத்தீன் கட்டாயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மருத்துவத்துக்குப் பள்ளி லத்தீன் கேட்பதில்லை, கலைச்சொற்களுக்குப் பல்கலைக்கழகத்திலேயே தனிப் பாடம் இருக்கிறது. இறையியலுக்கும் சில இடங்களில் வரலாற்றுக்கும்தான் லாட்டினும் என்ற லத்தீன் தேர்ச்சிச் சான்றிதழ் கேட்பார்கள். பையன் வாயாடி என்றால், அதுவும் நீங்கள் பிரான்ஸ் எல்லையில் உள்ள சார்லாந்து பக்கம் இருந்தால், பிரெஞ்சுதான். உட்கார்ந்து புதிர் போடுகிற பிள்ளை என்றால் லத்தீனில் சேருங்கள், வீட்டுப்பாடத்துக்கு நீங்களும் கூட உட்காருங்கள். உங்கள் டாட்டிவும் அந்தச் சாக்கில் சரியாகிவிடும்.